மின் இழப்பு வரியில் பூஜ்யம்: டிராக்கர் சைட்டுகளில் நீங்கள் பார்த்தது என்ன?

வடிவமைப்புப் பொறியாளர், பெங்களூரு:

டிராக்கர் என்றால் சூரியனைப் பின்தொடர்ந்து பேனலைத் திருப்பும் அமைப்பு. சூரியன் தாழ்வாக இருக்கையில் ஒரு வரிசையின் நிழல் அடுத்ததில் விழாதபடி அதன் சாய்வைக் குறைப்பதுதான் பேக்டிராக்கிங். அதைப் போட்டு பிவிசிஸ்ட் (சூரிய மின் உற்பத்தியைக் கணிக்கும் சிமுலேஷன் மென்பொருள்) ஓட்டினால், நிழலால் வரும் மின் இழப்பு என்ற வரியில் பெரும்பாலும் பூஜ்யம்தான் நிற்கும். (வானமெங்கும் சிதறி வரும் பரவல் ஒளிக்கான சின்ன இழப்பு தனியாக இருக்கும், அது வேறு கதை.) அந்தப் பூஜ்யத்தை அப்படியே நம்பும் ஆட்களைத் தினமும் பார்க்கிறேன். என் அனுபவம் ஒன்று.

துமகூரு மாவட்டம், பாவகடா பக்கம். பாறையும் மேடுபள்ளமுமான நிலம். வடக்கு தெற்கு அச்சில் டிராக்கர் வரிசைகள், தரை கிழக்கே இறங்குகிறது. வானம் சுத்தமாக இருக்கும் நாளில்கூட மாலையில் இன்வெர்ட்டர் காட்டும் உற்பத்தி வளைவு சிமுலேஷனைவிட முன்னதாகவே தொப்பென்று விழும். சூரியன் அடங்க முக்கால் மணி இருக்கையில் வரிசைக்குள் நடந்து பார்த்தால், ஒவ்வொரு வரிசையின் கீழ் விளிம்பிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிழல் பட்டை.

காரணம் எளிது. வழக்கமான பேக்டிராக்கிங் கணக்கு தரையைச் சமமாக வைத்துக்கொள்கிறது. இங்கே மாலையில் மேற்கு வரிசை உயரத்தில் நிற்கிறது, அதன் நிழல் கீழே இருப்பதன் மேல் விழுகிறது. காலையில் நேர் எதிர்: நிழலே விழாத நேரத்திலும் டிராக்கர் தேவையில்லாமல் படுத்துக் கிடக்கிறது. அந்த இழப்பு கண்ணுக்கும் தெரியாது.

எண்ணில் பார்ப்போம். மாட்யூல் (பேனல்) அகலம் வரிசை இடைவெளியில் 0.4 பங்கு, சூரியன் 10 டிகிரி உயரத்தில். சூரியனை நேரே பார்க்க டிராக்கர் 80 டிகிரி சாய வேண்டும். பேக்டிராக்கிங் அதைச் சுமார் 16 டிகிரியில் நிறுத்துகிறது. சமதரையில் நிழல் சரியாகப் பூஜ்யம். தரை 3 டிகிரி சரிந்திருந்தால் அதே நேரத்தில் அகலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் நிழல். இதை நேர்விகிதமாகக் கழித்தால் 30 போச்சு என்று விட்டுவிடலாம். ஆனால் அரைவெட்டு செல் மாட்யூலில் (செல்களைப் பாதியாக வெட்டி, மேல் கீழ் என இரு பாதிகளாக இணைத்தது) கீழ்ப் பாதி முழுக்க மின்சாரம் தராமல் நின்றுவிடும், மேல் பாதிதான் ஓடும். நேரடி ஒளியில் பாதி போச்சு.

சரிவைக் கணக்கில் எடுக்கும் பேக்டிராக்கிங் சூத்திரத்தை 2020-இல் அமெரிக்க அரசு ஆய்வகமான என்ஆர்இஎல் வெளியிட்டது, பிவிலிப்பிலும் (சூரிய மின் கணக்குகளுக்கான திறந்த மூல பைதான் நூலகம்) அது இருக்கிறது. ஒரே சீரான சரிவுக்கு அது போதும். மேடும் பள்ளமும் மாறி மாறி வந்தால் வரிசைக்கு வரிசை கோணம் மாற வேண்டும். அந்த வசதி டிராக்கரைத் திருப்பும் கன்ட்ரோலரில் உண்டா என்று கொள்முதலுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தரவுப் பகுப்பாய்வாளர், சென்னை:

சரிவு கண்ணுக்காவது தெரியும் சார். நான் பார்த்தது நேரக் குழப்பம். ராஜஸ்தான், பாட்லா பக்கத்து சைட் ஒன்றின் சிமுலேஷன் சரிபார்ப்புக்கு வந்தது. செயற்கைக்கோள் கதிர்வீச்சு டேட்டா உலகப் பொது நேரத்தில், மணிக்கு ஒன்றாக. நம் நேரம் அதிலிருந்து ஐந்தரை மணி முன்னால். அந்த அரையை யாரோ முழு மணியாக்கிவிட்டார்கள். அரை மணி என்றால் சூரியன் 7.5 டிகிரி நகர்ந்திருக்கும். மேலே சொன்ன 10 டிகிரி உதாரணத்தையே எடுங்கள்: 16 டிகிரியில் இருக்க வேண்டிய டிராக்கர், சிமுலேஷனில் 31 டிகிரியில் நிற்கும்.

இதில் கில்லாடித்தனம் என்னவென்றால் உற்பத்தி காலையில் கூடுகிறது, மாலையில் குறைகிறது, நாள் மொத்தம் பெரிதாக மாறுவதில்லை. ஆண்டுக் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. நான் செய்வது: மேகமில்லாத ஒரு நாளை எடுத்து, கிடைமட்டக் கதிர்வீச்சு வளைவின் நடுவைப் பார்ப்பேன். பாட்லாவின் தீர்க்கரேகை ஏறக்குறைய 72 டிகிரி, நம் நேரமோ 82.5-ஐ வைத்து. ஆக அங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12:42 வாக்கில், பருவத்துக்கேற்பக் கால் மணி முன்பின் நகரும். வளைவு அதைவிட்டு அரை மணி தள்ளி நின்றால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம், திருப்பி அனுப்பிவிடலாம்.

பராமரிப்பு, கயத்தாறு பக்கம்:

எங்கள் ஊரில் பிரச்சினை காற்றாடி. சூரிய மின் நிலையத்துக்குக் கிழக்கே காற்றாலைக் கோபுரம், காலையில் நீள நிழல் வரிசைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அப்புறம் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது டிராக்கர் எம்மாத்திரம்? காற்று எல்லையைத் தாண்டியதும் எல்லாம் பாதுகாப்புக் கோணத்துக்குப் போய்விடும். நல்ல வெயிலாக இருந்தாலும் சரி. சிமுலேஷனில் அதற்கு ஒரு வரியும் இல்லை. காற்று அடங்கித் திரும்பும்போது ஏதாவது ஒரு வரிசை மோட்டார் மக்கர் செய்து அங்கேயே நிற்கும், அது பக்கத்து வரிசைக்கு நிழல் போடும். ஸ்காடாவில் (நிலையத்தின் கண்காணிப்புத் திரை) அந்த ஒரு வரிசைதான் சிவப்பு, பக்கத்து வரிசை பச்சை.

வடிவமைப்புப் பொறியாளர், பெங்களூரு:

அண்ணே, கோபுர நிழலுக்கு ஒன்று சொல்கிறேன். பிவிசிஸ்ட் வேகமான முறையில் நிழலை முன்கூட்டியே போட்ட அட்டவணையிலிருந்துதான் எடுக்கிறது: சூரியனின் உயரத்துக்கு 10 டிகிரி, திசைக்கு 20 டிகிரி இடைவெளி. மெல்லிய கோபுரம் அந்த இடைவெளிக்குள் காணாமலும் போகலாம், இருப்பதைவிடத் தடிமனாகவும் தெரியலாம். ஒவ்வொரு மணிக்கும் தனியாகக் கணக்கிடும் மெதுவான முறையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ராத்திரி ஓடவிட்டுவிட்டுத் தூங்கிவிடலாம். காற்றுக் கோணத்துக்குத் தனிக் கணக்குப் போடலாம். உங்கள் காற்றுமானிப் பதிவை வைத்து, எல்லையைத் தாண்டிய மணிகளுக்கு மட்டும் டிராக்கர் கோணத்தைப் பிவிலிப்பில் மாற்றிப் போட்டு வித்தியாசத்தைத் தனியாகக் கழிக்க வேண்டியதுதான்.