நகராட்சிப் புல்வெளியில் கிறிஸ்துமஸ் குடில்: வைக்கலாமா, கூடாதா?

மேப்பிள் நிழல்:

நாங்கள் குடியிருக்கும் அமெரிக்கச் சிற்றூரில், நகராட்சிக் கட்டடத்தின் முன்புறப் புல்வெளியில் ஆண்டுதோறும் நகராட்சியே கிறிஸ்துமஸ் குடில் வைத்து வருகிறது. இந்த ஆண்டு அதை நிறுத்த வேண்டும் என்று சிலர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். நான் கிறிஸ்தவன் அல்லன். ஆயினும் அக்குடிலால் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஊரில் பெரும்பாலோர் கொண்டாடும் திருநாளின் அடையாளம் சில வாரம் ஊர் நடுவே இருந்துவிட்டுப் போவதால் யாருடைய உரிமை பறிபோகிறது? ரோட் ஐலண்டு மாநிலத்தின் பாட்டக்கெட் நகரக் குடிலை உச்ச நீதிமன்றம் 1984-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அனுமதித்தது. அந்நகராட்சி 1973-ல் அதை 1,365 டாலருக்கு வாங்கியது. வழக்கு நடந்தபோது அதன் மதிப்பு 200 டாலர். ஆண்டுதோறும் அமைத்துப் பிரிக்க ஏறத்தாழ 20 டாலர் செலவாயிற்று. இருபது டாலரில் அரசியலமைப்பு ஆட்டம் கண்டுவிடும் என்பது எனக்கு விளங்கவில்லை.

அடிக்குறிப்பு:

மேப்பிள் நிழல் அவர்களே, செலவு எவ்வளவு என்பது இங்கே கேள்வியே அன்று. எந்த மதத்தையும் நிறுவும் சட்டத்தை அரசு இயற்றக் கூடாது என்று 1791-ல் முதல் திருத்தம் விதித்ததன் பொருள், குடிமக்களில் ஒரு சாராரை ஊருக்கு உரியவர் என்றும் மற்றொரு சாராரை ஒண்ட வந்தவர் என்றும் அரசு பிரித்துப் பேசக் கூடாது என்பதே. நீங்கள் சுட்டிய அதே வழக்கில், குடிலுக்கு ஆதரவாக வாக்களித்த நீதிபதி ஓ'கானர்தான் இந்த அளவுகோலைத் தம் தனித் தீர்ப்பில் எழுதினார். ஐந்தாண்டுகள் கழித்து, 1989-ல், பிட்ஸ்பர்க் நகரில் மாவட்ட நீதிமன்றத்தின் பெரிய படிக்கட்டில் தனியாக வைக்கப்பட்ட குடில் செல்லாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், சற்றுத் தள்ளி வேறொரு அரசுக் கட்டடத்தின் வெளியே 45 அடிக் கிறிஸ்துமஸ் மரத்தின் அருகில் நின்ற 18 அடி யூத மெனோரா விளக்கு செல்லும் என்றும் சொன்னது. குடில் தனித்து, அதுவும் ஆட்சியின் வாசற்படியிலேயே நின்றது; விளக்கு மரத்தோடும் சுதந்திரத்தைப் போற்றும் ஓர் அறிவிப்புப் பலகையோடும் நின்றது. எங்கே, எதனோடு வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் ஊர்க் குடில் எதனோடு நிற்கிறது?

ஞாயிறு மணி:

நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் கோவில் பங்கில் குடில் அமைக்கும் குழுவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். நகராட்சி குடில் வைக்கக் கூடாது என்ற அடிக்குறிப்பு ஐயாவின் முடிவு எனக்கு உடன்பாடு. அவர் சொல்லும் காரணம் உடன்பாடில்லை. பாட்டக்கெட் குடிலைச் சுற்றி என்னென்ன இருந்தன என்று இதுவரை யாரும் சொல்லவில்லை: கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடு, அவருடைய வண்டியை இழுக்கும் மான்கள், வரிவரியான மிட்டாய்க் கம்பங்கள், கோமாளி, யானை, கரடிப் பொம்மை. இத்தனையும் கடைத்தெருவின் நடுவே ஒரு பூங்காவில். இவற்றுக்கிடையே, ஐந்து அங்குலம் முதல் ஐந்தடி வரை உயரமுள்ள உருவங்களாக மரியாளும் சூசையப்பரும் மேய்ப்பர்களும் நின்றார்கள். குடில் தப்பியதே யானையும் கரடியும் உடன் இருந்ததால்தான். வணிகத்துக்குப் பயன்படும் பருவகால அலங்காரமாகக் குடில் தாழ்த்தப்பட்டுவிட்டது என்று மாறுபட்ட தீர்ப்பில் எழுதிய நீதிபதி பிளாக்மன், விசுவாசிகளின் மனத்தைப் பெரும்பான்மைத் தீர்ப்பைவிட நன்றாக அறிந்திருந்தார்.

எங்கள் குடிலில் 24-ஆம் தேதி இரவு வரை தீவனத்தொட்டி வெறுமையாகவே இருக்கும். திருப்பலியின்போது பாலன் உருவத்தைக் கொண்டுவந்து வைக்கோலின் மேல் கிடத்தும்வரை பிள்ளைகள் அந்த வெற்றுத் தொட்டியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நகராட்சி ஊழியர் நவம்பர் இறுதியிலேயே பெட்டியைத் திறந்து, இருப்பவை அனைத்தையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டுப் போகிறார். அவர்மேல் எனக்குக் குறையில்லை, அது அவருக்கு வேலை. எனக்கோ அது வேலை அன்று.

மேப்பிள் நிழல்:

அம்மா, உங்கள் பார்வையை நான் எண்ணிப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிக்குறிப்பு அவர்களின் சட்டம் பழையது. 1989-லேயே நீதிபதி கென்னடி, யாரையும் கட்டாயப்படுத்தாத காட்சியைப் பிடிக்காதவர் முகம் திருப்பிக்கொண்டு போகலாம் என்று மாறுபட்டு எழுதினார். மேரிலாந்து மாநிலத்தின் பிளாடென்ஸ்பர்க்கில் அரசு நிலத்தில் 1925 முதல் நிற்கும் 40 அடிச் சிலுவையை 2019-ல் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று நிலைநிறுத்தியது. 2022-ல் வந்த கென்னடி வழக்கில் (இவர் மைதானத்தில் செபித்த பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர், பெயர் ஒற்றுமை மட்டுமே) ஓ'கானரின் அளவுகோலையே கைவிட்டு, வரலாற்றையும் மரபையும் பார்க்கச் சொல்லிவிட்டது.

அடிக்குறிப்பு:

உண்மைதான், அளவுகோல் போய்விட்டது. ஆனால் சட்டம் தடுக்காத எல்லாவற்றையும் ஒரு நகராட்சி செய்தாக வேண்டும் என்பதில்லை. நான் கேட்பது குடிலை அகற்றுவதை அன்று. நகராட்சி அதன் உரிமையாளராக இருப்பதை நிறுத்துவதை. புல்வெளியை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிடுங்கள். விண்ணப்பிப்பவர் தம் பொருளைத் தம் செலவில் வைக்கட்டும். 2022-ல் பாஸ்டன் கொடிக்கம்ப வழக்கும் இதைத்தான் காட்டியது. 2005 முதல் 2017 வரை 284 விழாக்களில் ஏறத்தாழ 50 வகைக் கொடிகளை ஏற்றவிட்ட நகராட்சி, கிறிஸ்தவக் கொடியை மட்டும் மறுத்தது தவறு என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் திறந்த இடத்தில் மதம் என்பதற்காகவே ஒருவரைத் தடுக்க முடியாது.

மேப்பிள் நிழல்:

திறந்துவிட்ட இடங்கள் என்னவாயின என்பதையும் சொல்லுங்கள். சான்டா மோனிகாவில் அறுபது ஆண்டுக் காலம் குடில்கள் நின்ற பூங்காவில், 2011-ல் குலுக்கல் முறையில் 21 இடங்களுள் 18 இறைமறுப்பாளர்களுக்குப் போயின. அடுத்த ஆண்டு நகராட்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. புளோரிடாவின் தலைமைச் செயலக மண்டபத்தில் 2013-ல் குடிலைக் கேலி செய்யும் வகையில் பீர் டப்பாக்களால் ஆன ஒரு கம்பம் நின்றது. ஒஹாயோவில் 1995-ல் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையின வெறிக் கூட்டத்தாரின் சிலுவைக்குக்கூட அரசுச் சதுக்கத்தில் இடம் மறுக்க முடியவில்லை. இந்தச் சந்தையையா எங்கள் புல்வெளிக்குப் பரிந்துரைக்கிறீர்கள்?

அடிக்குறிப்பு:

கிளான் சிலுவை எனக்கும் அருவருப்பானதே. ஆனால் அதை நட்டது அரசு அன்று என்று பார்ப்பவர் அறியலாம். "இதற்கு அரசின் ஆதரவு இல்லை" என்று ஒரு பலகை வைக்கலாம் என அத்தீர்ப்பிலேயே சில நீதிபதிகள் எழுதினார்கள். பீர் டப்பாக் கம்பம் அசட்டுத்தனம். அதைப் பொறுத்துக்கொள்வது, நகராட்சியே குருவாகிவிடுவதைப் பொறுப்பதைவிட எளிது.

ஞாயிறு மணி:

நான் சொன்ன குறைக்கு இருவருமே வழி சொல்லவில்லை. அரசு வைத்தால் குடிலோடு கரடிப் பொம்மையும் வரும். திறந்துவிட்டால் பீர் டப்பா வரும். எங்கள் கோவில் வளாகமும் அதே சாலையில்தான் இருக்கிறது. அங்கே குலுக்கலும் இல்லை, பலகையும் தேவையில்லை. நகராட்சிக் குடிலை எங்களிடமே விற்றுவிடுங்கள் என்று பங்குப் பேரவையிலிருந்து எழுதிக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

மேப்பிள் நிழல்:

இருபது டாலர் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் நகர்மன்றக் கூட்டத்தில் குடில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்றுதான் பேசுவேன். கோவிலுக்குள் நான் வருவதில்லை, அம்மா. அந்தப் புல்வெளியைத்தான் நாள்தோறும் கடக்கிறேன்.