சவுண்ட்ஸ்டேஜ்: ஒலியரங்கா, செவியரங்கா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஸ்பீக்கர்களில் பாட்டுக் கேட்கும்போது, பாடகரும் கருவிகளும் நம் முன்னே ஓர் அரங்கில் தத்தம் இடத்தில் இருப்பதாகத் தோன்றுவதை ஆங்கிலத்தில் ‘சவுண்ட்ஸ்டேஜ்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு ‘ஒலியரங்கு’ என்று தேவகோட்டை அண்ணன் முன்மொழிந்ததையும், அதை மறுத்து ‘ஒலிவெளி’ அல்லது ‘ஒலிமேடை’ போதும் என்று மதுரைப் பேராசிரியர் ஐயா எழுதியதையும் படித்தேன். மூன்றையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. காரணம் இலக்கணம் அன்று, பொருள். சென்னையில் ஒரு விடுதியின் அறைகளில் நடந்த ஆடியோ கண்காட்சிக்கு அண்ணனும் நானும் காரைக்குடியிலிருந்து சேர்ந்தே போயிருந்தோம். அங்கே கேட்டவற்றைக் கொண்டே என் கருத்தைச் சொல்வது எளிது.

இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே ஒலியை ஒரே அளவில் எழுப்பினால், அவற்றுக்கு நடுவே, எதுவுமே இல்லாத இடத்திலிருந்து பாடகர் பாடுவதாகக் கேட்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் 15 டெசிபல் போல உயர்த்தினால், அவர் ஏறத்தாழ அந்த ஸ்பீக்கருக்கே நகர்ந்துவிடுகிறார். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை எட்டிய பின் மறு காதை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரம் 0.7 மில்லிநொடியைத் தாண்டாது. அந்த நுண்ணிய கால வேறுபாட்டையும் அளவு வேறுபாட்டையும் ஒப்பிட்டு மூளை திசையைக் கணிக்கிறது. இக்கணிப்பை வேண்டுமென்றே தூண்டிவிடலாம் என்று கண்டு, ஆலன் புளூம்லின் 1931இல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; ஸ்டீரியோவின் அடித்தளம் அதுதான். ஆகவே நாம் பெயரிட முனைவது அறையில் உள்ள ஒரு பொருளுக்கு அன்று, கேட்பவரிடத்தில் எழும் ஒரு தோற்றத்துக்கு.

கண்காட்சியில் இதை நன்றாகவே சோதித்துப் பார்க்க முடிந்தது. நாங்கள் கொண்டுபோயிருந்தது ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியின் நேரடிப் பதிவு. பாடகருக்கு வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின் என்ற வழக்கமான அமர்வு. கேட்பவருக்கு மிருதங்கம் இடக்கைப் பக்கமாகவும், அதன் வலந்தலை (வலக்கையால் வாசிக்கும் முகம்) நம்மை நோக்கியும் இருக்க வேண்டும்.

முதல் அறையில் 300பி என்ற வால்வில் (வெற்றிடக் குழாயில்) இயங்கும் ஆம்ப்ளிஃபையரும் பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்களும் வைத்திருந்தார்கள். பக்கத்துக்கு ஒற்றை வால்வாக இயங்கும்போது, 1938இல் வந்த அந்த வால்வு தருவது 8 வாட் அளவுதான். ஆனால் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபல் தரும் ஹார்னுக்கு 8 வாட் என்பது 109 டெசிபல். அதற்கு மேல் ஒரு வீட்டில் என்ன வேண்டும்? அங்கே பாடகர் ஸ்பீக்கர்களுக்கு முன்னால் வந்து, எங்கள் முழங்காலுக்கு எதிரே அமர்ந்தார். ஆளும் இயல்பைவிடப் பெரியவராகத் தெரிந்தார்.

அடுத்த அறையில் எலெக்ட்ரோஸ்டாட்டிக் பலகைகள். துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு இடையே, மின்னேற்றம் பெற்ற மெல்லிய சவ்வு அசைந்து ஒலி தரும் இவ்வகையை, 1957இலேயே குவாட் நிறுவனம் வீட்டுக்குரிய முழு அளவு ஸ்பீக்கராக விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. சவ்வு முன்னும் பின்னும் ஒருசேர ஒலிப்பதால், பின்பக்க ஒலி சுவரில் பட்டுச் சற்றுத் தாமதித்து வந்து சேர்கிறது. விளைவு, அதே கச்சேரி பலகைகளுக்குப் பின்னால் ஐந்தாறு அடி பின்வாங்கி, சபையின் ஆழத்தோடு கேட்டது. தம்பூரா பாடகருக்குப் பின்னால் இருப்பதை அண்ணன் இங்கேதான் முதலில் கவனித்தார். என்னைக் கேட்டால், கண்காட்சியின் சிறந்த அறை இதுவே.

பிபிசி வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரின் மரபில் வந்த, ஓரடி உயரச் சிறு பெட்டிகள் மற்றோர் அறையில் இருந்தன. அவற்றில் முழக்கம் இல்லை. தொப்பி (மிருதங்கத்தின் இடப்பக்க முகம்) ஒலிக்க வேண்டிய இடத்தில் தொப்பியின் நிழல்தான் ஒலித்தது. ஆனால் வலந்தலையில் விழும் ஒவ்வொரு விரலும் எங்கே விழுகிறது என்று சுட்டிக்காட்ட முடிந்தது. கண்காட்சியிலேயே மிக அதிக விலை சொன்ன, ஆளுயரப் பெட்டிகள் கொண்ட அமைப்பைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஒடுங்கிய அறையில் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். அடித்தொனி அறையை நிரப்பியது, பாடகரும் வயலினும் ஒரே இடத்தில் குவிந்தார்கள்.

இனி என் வாதம். பதிவு ஒன்றே, அரங்கு நான்கு. மேலும், சிறு பெட்டிகள் இருந்த அறையில் நான் நாற்காலியை விட்டு எழாமல், தலையை மட்டும் ஒரு சாண் இடப்பக்கம் சாய்த்தபோது, நடுவில் இருந்த பாடகர் என்னோடு சாய்ந்து இடப்பக்க ஸ்பீக்கரை நோக்கி நகர்ந்தார். அதே நொடியில் எனக்கு நேர்பின் நாற்காலியில் நடுநேராக அமர்ந்திருந்த அண்ணனுக்கு அவர் நடுவிலேயே இருந்தார். ஒலி அறைக்குப் பொது. அரங்கு ஆளுக்கு ஆள் வேறு. இதை ‘ஒலியரங்கு’ என்றாலோ ‘ஒலிவெளி’ என்றாலோ, எல்லோரும் நுழைந்து அமரக்கூடிய ஓர் இடம் என்ற பொருளே படிப்பவர் மனத்தில் நிற்கும்.

‘ஒலியரங்கு’க்கு இன்னொரு இடையூறும் உண்டு. திரைத்துறையில் சவுண்ட் ஸ்டேஜ் என்பது, வெளிச்சத்தம் புகாதபடி கட்டிய படப்பிடிப்புத் தளம். 1940களில் ஏவி.எம். ஸ்டூடியோ கொட்டகை போட்டு நடந்த தேவகோட்டை ரஸ்தா இருக்கிற ஊர்ப்பக்கத்துக்காரர்களாகிய நாமே இந்தக் குழப்பத்துக்கு வழிவிடலாகாது. ‘ஒலிமேடை’யும் நேயர்களுக்குக் கல்யாண வீட்டு மைக் செட்டைத்தான் நினைவூட்டும். ‘கேட்பரங்கு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். நல்ல முயற்சிதான், ஆனால் அது கேட்போர்கூடத்தோடு மயங்கும்.

ஆகவே நான் முன்வைப்பது ‘செவியரங்கு’. அரங்கு என்ற பாதியை விட எனக்கு மனமில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்கை ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளந்தே சொல்கிறது. செவியரங்கின் அகலம், ஆழம், உயரம் என்று நாம் பேசும்போது அந்த அளவுமுறை தானாகவே உதவிக்கு வரும். (நெல்லைப் பக்கத்து அன்பர்களுக்கு அரங்கு என்றால் வீட்டின் உள்ளறை என்பதை அறிவேன், அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) செவி என்ற பாதி, இத்தோற்றம் எங்கே நிகழ்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஹெட்ஃபோனில் கேட்கும்போது பாடகர் தலைக்குள்ளேயே பாடுவதாகத் தோன்றுமே, அதற்கும் இச்சொல் பொருந்தும். மற்ற மூன்றும் பொருந்தா.

பேராசிரியர் ஐயா எழுப்பிய மறுப்புக்கும் விடை சொல்ல வேண்டும். அரங்கு அறையைப் பொறுத்தே மாறுகிறது, எனவே அறை சார்ந்த சொல்தானே முறை என்று அவர் கேட்டிருந்தார். அறை மாற்றுகிறது என்பது முற்றிலும் உண்மை. கண்காட்சிக்குப் பிறகு அண்ணனின் ஸ்பீக்கர்களைக் கானாடுகாத்தானில் உறவினர் வீட்டு முகப்பில் வைத்துக் கேட்டோம். முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், காலடியில் ஆத்தங்குடிக் கல், தலைக்கு மேலே உயர்ந்த தேக்கு. ஒலியை விழுங்க அங்கே ஒன்றுமில்லை. பாட்டின் ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன் மேல் ஏறியது. பிறகு அவற்றை வளவு எனும் உள்கட்டில், முற்றத்தைச் சுற்றிய பத்தியின் ஓரத்துக்கு நகர்த்தி, திறந்த முற்றத்தை நோக்கித் திருப்பி, எதிர்ப்பத்தியில் அமர்ந்தோம். மேலே வானத்துக்குப் போன ஒலி திரும்பி வரவில்லை. வயலின் தன் இடத்துக்கு வந்து நின்றது. 1895 முதல் ஹார்வர்டில் அறைகளின் எதிரொலியை ஆராய்ந்த வாலஸ் சபைன், ஒலி உறிஞ்சலை அளக்கத் திறந்த சன்னலை அலகாகக் கொண்டார். அவர் கணக்குப்படி நம் வளவு முற்றம் முழுவதுமே ஒரு பெரிய திறந்த சன்னல்தான். ஆனால் ஐயா, இவ்விரண்டு நிலையிலும் அறை செய்தது செவியை வந்தடையும் ஒலியை மாற்றியதே. அந்த ஒலியிலிருந்து அரங்கைக் கட்டியது செவி. அறையின் பங்கைக் குறிக்க ‘அறைத்தன்மை’ என்ற தனிச்சொல்லை நம் பட்டியலில் முன்பே சேர்த்திருக்கிறோம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு ஒலியும் அரங்கில் எங்கிருந்து வருகிறது என்று துல்லியமாகத் தெரிவதை ‘இமேஜிங்’ என்கிறார்கள். அதற்கு ‘ஒலிப்படிமம்’ என்ற முன்மொழிவும் நிலுவையில் இருக்கிறது. படிமம் கவிதைத் திறனாய்வில் ஊன்றிவிட்ட சொல் என்பதால், ‘இடத்தெளிவு’ என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அவ்வாறாயின் பட்டியலுக்குரிய எடுத்துக்காட்டு இப்படி அமையும்: “இந்தச் சிறு பெட்டிகளின் செவியரங்கு குறுகியது, இடத்தெளிவோ மிகக் கூர்மை.” ஸ்பீக்கர்களின் இடைவெளியையும் தாண்டி அரங்கு விரிவதற்கு என்ன பெயர் என்பதை அடுத்த மடலில் அண்ணன் தொடங்கிவைத்தால் நன்று.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து