சொத்தையே இல்லாத பல்லுக்கு ரூட் கேனாலா?

திண்ணைக்காரன்:
கீழ்க் கடைவாய்ப் பல். சொத்தை பொட்டுகூட இல்லை, ஈறுதான் பல வருடமாக இறங்கிப்போய் பல் லேசாக ஆடுகிறது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, ஈறு நோய் நரம்பு வரை போய்விட்டது, முதலில் ரூட் கேனால் என்கிறார். ஈறு வெளியே, நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற பற்கூழ் உள்ளே, நடுவில் கல் மாதிரி டென்டின் என்கிற பல்லின் கெட்டிப் பகுதி. எப்படிப் போகும்? பில்லை ஏற்றுகிற வேலையாகத்தான் தெரிகிறது.

பல்வைத்தியன்:
வழி இருக்கிறது சார். பற்கூழுக்கு ரத்தக்குழாயும் நரம்பும் வேர் நுனித் துளை வழியாகத்தான் போகின்றன. அது போக வேரின் பக்கவாட்டிலும், கடைவாய்ப் பல்லில் வேர்கள் பிரியும் இடத்திலும் மயிரிழைக் கால்வாய்கள் இருக்கலாம். எலும்பு கரைந்து ஈறுப் பை, அதாவது ஈறு பல்லை விட்டு விலகி உண்டாகும் பள்ளம், அந்த ஆழத்துக்கு இறங்கிவிட்டால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரிதான்.

சந்தேகி:
கதவு திறந்திருந்தால் ஈறு கெட்ட பல்லெல்லாம் செத்திருக்க வேண்டுமே? என் அப்பாவுக்கு முன்பற்கள் ஊஞ்சலாடின, பிடுங்குகிற நாள் வரை ஐஸ் வைத்தால் சுரீர் என்றது, அதாவது கூழ் உயிரோடுதான் இருந்தது. 1974இல் லாங்லேண்ட் என்ற ஆய்வாளரின் குழு இப்படிப்பட்ட பற்களை நுண்ணோக்கியில் பார்த்தே எழுதியது: வேர் நுனியின் பிரதான துளைகளைக் கிருமிப்படலம் எட்டாதவரை கூழ் முழுதாக அழியாது. 1979இல் சார்னெக்கி, ஷில்டர் என்ற ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போய், ஈறு நோய் எவ்வளவு முற்றினாலும், சொத்தையோ, சொத்தையை அடைத்த ஃபில்லிங்கோ இல்லாத பல்லில் கூழ் நன்றாகவே இருந்தது என்றார்கள்.

பல்வைத்தியன்:
லாங்லேண்டைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கூழில் பாதிப்பே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பக்கக் கால்வாய் மாட்டினாலும் அழற்சி, சுண்ணாம்புப் படிவு எல்லாம் வரும். சாகவில்லை என்பதும் நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றா?

சந்தேகி:
நோஞ்சான் கூழுக்கெல்லாம் ரூட் கேனாலா? ஆழமாக ஸ்கேலிங் செய்தால் வேரின் மேல்தோல் போல இருக்கிற சிமென்டம் உரிந்து கூச்சம் வரும், அதைக்கூட நரம்புக் கோளாறு என்று சொல்லிப் பல்லைத் துளைத்துவிடுகிறார்கள். திண்ணை அண்ணே, டாக்டர் பல்லில் ஐஸ் வைத்துப் பார்த்தாரா?

திண்ணைக்காரன்:
இல்லை. பை 9 மி.மீ. ஆழம் என்று சீட்டில் இருக்கிறது, பக்கத்துப் பல்லில் 7.

பல்வைத்தியன்:
அப்போ அது தப்புதான், எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. குளிர் சோதனை, மின் சோதனை இரண்டும் கேளுங்கள். ஆனால் கடைவாய்ப் பல்லில் ஒரு வேர் செத்து இன்னொன்று உயிரோடு இருந்தாலும் சுரீர் என்னும், ஏமாந்துவிடாதீர்கள். சில சமயம் கதை தலைகீழாகவும் இருக்கும்: முதலில் கூழ் செத்து, அந்தச் சீழ் ஈறு வழியாக வடிய, குறுகலாக ஒரே இடத்தில் ஆழமான பை உண்டாகும். அதற்கு ரூட் கேனால் மட்டும் செய்தாலே ஈறு ஆறிவிடும். உங்களுக்குப் பக்கத்துப் பல்லிலும் பை இருப்பதால் அது மாதிரி தெரியவில்லை.

சந்தேகி:
கூழ் உயிரோடு இருந்தால் முதலில் ஈறு வைத்தியம். இதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

பல்வைத்தியன்:
ஒத்துக்கொள்கிறேன். செத்திருந்தால் முதலில் ரூட் கேனால், அதை நீங்கள் ஒத்துக்கொள்ளுங்கள்.

திண்ணைக்காரன்:
சரி, திங்கட்கிழமை போய் ஐஸ் வைக்கச் சொல்கிறேன். கத்தினால் சந்தேகி ஜெயித்தார், ஆனால் எந்த வேர் கத்தியது என்று யாரைக் கேட்பது?