பெரியம்மையைக் கூட்டிக்கொண்டு வள்ளுவர் பாறைக்கு

பெரியம்மைக்கு ஊர் கொட்டாரம். கன்னியாகுமரி கூப்பிடு தூரம்தான். ஆனாலும் 2000 ஜனவரி 1-ல் திறந்த சிலையை இத்தனை வருஷமாகக் கரையில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் இப்படி நிறைய பேர் உண்டு. கடல் தாழ்ந்தாலோ அலை தூக்கினாலோ படகு விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிடும். கடல் ஒத்துவந்த நாளில் சிலையைச் சுற்றிச் சாரம் நிற்கும். காகிதக் கூழை அப்பிக் கல்லில் ஏறிய உப்பை எடுத்து, ரசாயனம் பூசுவார்கள். மாதக்கணக்கில் நடக்கிற வேலை.

2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. விவேகானந்தர் பாறையில் இறங்கி 77 மீட்டர் நடந்தால் வள்ளுவர்.

ஐயப்ப சீசன் முடியட்டும் என்று காத்திருந்துதான் கூட்டிப்போனேன். அப்படியும் வரிசை நீளம்தான். லைஃப் ஜாக்கெட் முந்தின ஆளின் வியர்வை ஈரத்தோடு கைக்கு வரும். சேலைக்கு மேலே அந்தப் பட்டையை மாட்டுவதற்குள், "மக்களே, இதப் போட்டா மூச்சு முட்டுகில்லா" என்றாள். படகு துறையை விட்டு வெளியே வந்ததும் ஆட்டம் தொடங்கியது. இந்திக்காரப் பிள்ளைகள் கத்தித் தீர்த்தார்கள். இவள் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அலங்கார உபகார மாதா கோயில் கடலிலிருந்து எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது! இதற்காகவே படகேறலாம்.

விவேகானந்தர் பாறையில் தியான மண்டபத்தைவிட, அம்மனின் பாதத் தடம் இருக்கும் ஸ்ரீபாத மண்டபத்தில்தான் அதிக நேரம் நின்றாள். குமரி அம்மன் ஒற்றைக் காலில் தவமிருந்த பாறை அவளுக்கு. 1892-ல் விவேகானந்தர் வந்ததெல்லாம் பிற்பாடு. பாலத்தில் எல்லோரும் கண்ணாடிக்கு மேலே நின்று செல்ஃபி எடுக்க, இவள் கைப்பிடியை விடவே இல்லை. கீழே பார்க்கச் சொன்னதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரக் கணக்கு. மேலே 95 அடிச் சிலை, பொருளும் இன்பமும். இதை விளக்கியபோது தலையாட்டினாள், அவ்வளவுதான். உள்ளே படியேறி வள்ளுவரின் கால் விரல் பக்கத்தில் நின்றதும்தான் பேச்சு வந்தது. "விரல் நகத்தக்கூட விடாம கொத்தியிருக்கானே!" கரையிலிருந்து தெரியும் அந்த இடுப்பு வளைவு அங்கே தெரியாது, அண்ணாந்தாலும் முகம் சரியாகப் பிடிபடாது. சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அந்த வளைவைத் தூரத்துக் கண்ணுக்கென்றே வைத்தாரோ என்று எனக்குத் தோன்றும்.

திரும்பி வரவும் வரிசை உண்டு, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். விவேகானந்தர் பாறையில் செருப்பைக் கழற்ற வேண்டும். பத்து மணி தாண்டினால் கல் கொதிக்கும். வயசானவர்களோடு போகிறவர்கள் ஒரு ஜோடி காலுறை எடுத்துக்கொள்ளுங்கள், முதல் படகுக்கே போய்விடுங்கள்.