கோழியும் வாத்தும் ஒரே கூட்டில், உமி காயவே மாட்டேன் என்கிறது

கொல்லைப்புறம்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் எட்டுக்கு ஆறடிக் கூடு, அதில் 7 நாட்டுக்கோழி, ஒரு சேவல். மூன்று வருடமாகப் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை. ஐந்து மாதத்துக்கு முன் அம்மா வீட்டிலிருந்து வாத்து முட்டை கொண்டுவந்து அடைக்கோழிக்கு வைத்தேன். அது 28 நாளும் எழுந்திருக்காமல் உட்கார்ந்து 5 குஞ்சு பொரித்தது, அதுவே வளர்த்தும் விட்டது. அதனால் எல்லாம் ஒன்றாகவே அடைகின்றன. இப்போது பிரச்சினை என்னவென்றால் தினமும் உமி மாற்றினாலும் காலையில் தரை சொதசொத என்று இருக்கிறது, கோழி இரண்டு சளி பிடித்த மாதிரி கொர்கொர் என்கின்றன. இது போதாதென்று பெட்டை ஒன்றுக்குப் பின்கழுத்தில் முடியே இல்லை. வாத்தைக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. சேர்த்து வளர்க்க வழி இருக்கிறதா?

பஞ்சாரம்:
இருக்கிறது அக்கா, கொடுக்க வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள், ராத்திரி கூட்டுக்குள் தண்ணீர் வைக்கிறீர்களா? வைத்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வாத்து மூக்குத் துளை வரை அலகை முக்கி அலசாமல் இருக்காது, அந்தத் தண்ணீரெல்லாம் உமியில்தான் போகும். சாயங்காலம் தீவனம், தண்ணீர் இரண்டையும் ஒன்றாக எடுங்கள். தண்ணீர் இல்லாமல் தீவனம் மட்டும் கிடந்தால் வாத்துக்குத் தொண்டையில் அடைக்கும். காலையில் திறந்ததும் தண்ணீர் காட்டிவிட்டால் போதும். பகலுக்குப் பழைய பெயிண்ட் வாளியைப் பாதியாக அறுத்து, வாழைக்கு அடியில் ஜல்லி கொட்டி அதன்மேல் வையுங்கள். சிந்துவது வாழைக்குப் போகும்.

ஈர உமியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ரத்தக்கழிச்சல் அங்கேதான் வரும். காலையில் கதவைத் திறக்கும் முன் குனிந்து, கோழி நிற்கும் உயரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள், கண் எரிந்தால் அம்மோனியா கட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கொர்கொர் சத்தத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கூரைக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு வலை அடித்துக் காற்று போக விடுங்கள். சளிக் கோழி இரண்டையும் தனியாக வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஏரிக்கரை:
தண்ணீர் விஷயம் சரி. ஆனால் கழுத்தில் முடி போனதற்குக் காரணம் வேறு. 5 வாத்தில் ஆண் எத்தனை? வால் மேல் சுருண்ட இறகு இருந்தால் ஆண், குரலும் கரகரவென்று இருக்கும், பெண்தான் உரக்கக் கத்தும். பெண் வாத்து குறைவாக இருந்தால் ஆண் வாத்து கோழி மேல் ஏறும், கழுத்தைக் கவ்விப் பிடிக்கும். ஆண் வாத்துக்கு ஆணுறுப்பு உண்டு, சேவலுக்குக் கிடையாது, அதனால் கோழிக்கு உள்ளே காயம் பட்டுச் செத்தே போகலாம். எங்கள் வீட்டில் ஒரு பெட்டையை அப்படித்தான் இழந்தோம், காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒரு ஆணுக்கு ஐந்து பெண்ணாவது வேண்டும். முட்டைக்கு மட்டும் என்றால் ஆணே தேவையில்லை.

கொல்லைப்புறம்:
பார்த்தேன் அண்ணா, மூன்றுக்குச் சுருட்டை வால்! இன்றே மூன்றையும் தனியாக வலை கட்டி விட்டுவிட்டேன். உள்ளே கோழிகள் மூங்கில் மேல் அடைகின்றன, வாத்து நேர் கீழே படுக்கிறது, அதன் முதுகெல்லாம் எச்சம். அதற்கு என்ன செய்வது?

பஞ்சாரம்:
மூங்கிலை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள், எதிர் மூலையில் ஒரு அடி உயரத்துக்குப் பலகை தடுத்து வைக்கோல் போடுங்கள். வாத்து மேலே ஏறாது, அங்கேயே படுக்கும். முட்டையும் விடியற்காலையில் அங்கேயே இடும், அதனால் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள், வெளியே போனால் எங்காவது புதரில் போட்டுவிடும். அடுத்த முறை குஞ்சு பொரித்தால் தீவனத்தில் கொஞ்சம் ஈஸ்ட் தூள் சேருங்கள். வாத்துக்குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட நியாசின் என்ற பி வைட்டமின் அதிகம் வேண்டும், குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போய்விடும்.

ஏரிக்கரை:
வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி கோழிகளுக்குப் போட்டாயிற்றா சகோதரி? வாத்து பார்க்க நன்றாக இருந்தாலும் சில நோயைச் சுமந்துகொண்டு திரியும். போடவில்லை என்றால் சளிக்குக் காட்டப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.