தோற்கும் என்று தெரிந்தே ஏன் நம்பிக்கையில்லாத் தீர்மானம்?

குரூப்2 மாணவன்:
மக்களவையில் ஒரே ஒரு அமைச்சர் மீது மட்டும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர முடியுமா? ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கும்போது அதனால் என்ன பலன்?

பிளஸ் ஒன் டீச்சர்:
முடியாது தம்பி. அரசியல் சாசனம் 75(3)-ன்படி அமைச்சரவை கூட்டாக மக்களவைக்குப் பொறுப்பு. எனவே தீர்மானம் மொத்த அமைச்சரவை மீதுதான். தனி அமைச்சர் என்றால் கண்டனத் தீர்மானம். அதில் காரணத்தை எழுதியாக வேண்டும்.

இரண்டாவது கேள்வியை 2023 ஆகஸ்டில் என் மாணவி ஒருத்தியும் கேட்டாள். மணிப்பூரில் மே மாதமே கலவரம் தொடங்கிவிட்டது. பிரதமர் அவைக்கு வந்து பேச வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டுக்கொண்டே இருந்தன. நடக்கவில்லை. பிறகுதான் காங்கிரஸ் எம்.பி. கௌரவ் கோகோய் நம்பிக்கையில்லாத் தீர்மான நோட்டீஸ் கொடுத்தார். ஆதரவாக 50 பேர் எழுந்து நின்றால்தான் அனுமதி, நின்றார்கள். ஆகஸ்ட் 8 முதல் 10 வரை விவாதம். கடைசி நாள் பிரதமர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது.

"எண்ணிக்கைக்காக இல்லைம்மா, வாய் திறக்க வைக்கத்தான்" என்றேன் அவளிடம். சொன்னது, சொல்லாமல் விட்டது எல்லாம் அவைக்குறிப்பில் இருக்கும். ஆனால் பிரதமர் மணிப்பூர் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு செய்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. வரவழைத்தவர்கள் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தான்:
எங்கட நாட்டில தனி அமைச்சருக்கு எதிராகவே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டு வரலாம். 2023 செப்டெம்பரில சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெலவுக்கு எதிராக வந்தது. மருந்துப் பிரச்சினைதான் காரணம். ஆதரவு 73, எதிர்ப்பு 113. தோற்றுப்போச்சு. ஆனா அடுத்த மாசமே அவரைச் சுற்றாடல் அமைச்சுக்கு மாத்தினாங்கள்.

குரூப்2 மாணவன்:
நன்றி அண்ணா. டீச்சர், இந்தியாவில் அவையில் பேசியதால் ஒரு அமைச்சருக்குப் பதவியே போனது உண்டா?

பிளஸ் ஒன் டீச்சர்:
முந்த்ரா விவகாரத்தைப் படியுங்கள். எல்ஐசி பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய், முந்த்ரா என்ற தொழிலதிபரின் நலிந்த கம்பெனிப் பங்குகளுக்குப் போனது. 1957 டிசம்பர் 16 அன்று அதை மக்களவையில் பிரித்துக் காட்டியவர் ஃபெரோஸ் காந்தி. காங்கிரஸ்காரர், அதிலும் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் மெட்ராஸ்காரர், ராஜினாமா செய்தார். அங்கே தீர்மானத்தைத் தோற்கடிக்கும் வேலையே வரவில்லை பாருங்கள். சொந்தக் கட்சிக்காரரே எழுந்து கணக்குக் கேட்டார்.