‘மெட்டபாலிக் ரீபுரோகிராமிங்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

புற்றுநோயாளிகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெட் ஸ்கேன் பக்கத்தில் நிற்கிறேன். கதிரியக்க ஃப்ளோரின்-18 சேர்த்த சர்க்கரையை ஊசிவழி செலுத்துகிறார்கள். கட்டி அதை அள்ளிக்கொள்கிறது, உள்ளே போனது அங்கேயே தங்கிவிடுகிறது, படத்தில் அந்த இடம் ஒளிர்கிறது. ஏன் இந்தப் பசி என்று விளக்கும் வரியில்தான் தலைப்பிலுள்ள இந்தச் சொல் வருகிறது. மெட்டபாலிசம், அதாவது உயிரணு உணவை ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாற்றும் வேலை, நமக்கு ‘வளர்சிதை மாற்றம்’. அதுவே மாறுவதை ‘வளர்சிதை மாற்ற மாற்றம்’ என்று எழுதினால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை.

— மொழிபெயர்ப்பாளர்

மறுமொழி:

‘வளர்சிதை மாற்ற மறுநிரலாக்கம்’ என்று போடுங்கள். நிரலாக்கம் (புரோகிராமிங்) பள்ளிக் கணினிப் பாடநூலிலேயே இருக்கிறது. மாணவருக்கு உடனே புரியும்.

— உயிரியல் ஆசிரியர்

மறுமொழி:

ஐயா, நிரல் என்றால் வரிசை. சொற்களை வரிசையாக நிறுத்திப் பொருள்கொள்ளும் நிரல்நிறையில் இருப்பது அந்த நிரல்தான். உயிரணுவுக்குள் யாரும் கட்டளை எழுதவில்லையே!

இலக்கணத்தில், சொற்கள் சேரும்போது எழுத்தில் நேரும் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் கெடவில்லை, றகரமாகத் திரிகிறது. 1920களில் பெர்லினில் ஆராய்ந்த ஓட்டோ வார்பர்க், ஆக்சிஜன் இருந்தும் கட்டிகள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குவதைக் கண்டார். உயிரணுவுக்குள் ஆற்றலை ஆக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதானதே காரணம் என்று பின்னர் வாதிட்டார், அது கெடுதல். பெரும்பாலான புற்றணுக்களில் அது வேலை செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. ஆகவே இது திரிதல். பால் திரிகிறது என்கிறோம். அங்கும் விளைவது லாக்டிக் அமிலமே. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ‘வளர்சிதைத் திரிபு’ என்பதே என் பரிந்துரை.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மறுமொழி:

பால் திரிவதைச் சொன்னீர்கள், படித்து நெகிழ்ந்தேன் ஐயா. ஆனால் கொரோனாவுக்குப் பிறகு ‘திரிபு’ என்றால் நோயாளிக்குக் கிருமிதான் நினைவுக்கு வரும்.

நடப்பதைப் பாருங்கள். ஒரு குளுக்கோஸை மைட்டோகாண்ட்ரியா வரை கொண்டுபோய் எரித்தால் ஏறத்தாழ 30 ஏடிபி (உயிரணு ஆற்றலாகச் செலவிடும் மூலக்கூறு). லாக்டிக் அமிலத்தோடு நிறுத்தினால் 2 மட்டுமே. இந்த இழப்பை ஏன் தாங்குகிறது? பெருகும் உயிரணுவுக்கு ஆற்றலோடு கட்டுமானப் பொருளும் வேண்டும். சர்க்கரையின் கார்பனில் ஒரு பங்கு டிஎன்ஏவுக்கும் கொழுப்புச் சவ்வுக்கும் அமினோ அமிலங்களுக்கும் போகிறது. எங்கள் ஊரில் ஒரு வயல் நிறைந்ததும் மண்வெட்டியால் மண்ணை இழுத்து மடையை அடைத்து, அடுத்த வயலுக்கு வெட்டிவிடுவார்கள். தண்ணீர் அதே தண்ணீர்தான். ‘வளர்சிதை மடைமாற்றம்’ என்றால் என்ன?

இன்னொன்று. இதுபோன்ற பக்கங்களைப் படித்துவிட்டுச் சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்று உணவைக் குறைத்து மெலிந்து வருபவர்களைப் பார்க்கிறேன். உண்ணாவிட்டாலும் உடல் இரத்தச் சர்க்கரையைக் காத்துக்கொண்டே இருக்கும். கட்டி குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

— மருத்துவர், தஞ்சாவூர்

மறுமொழி:

வரியைச் சேர்த்துவிட்டேன் அம்மா. நேற்று என் தாயாரிடம் மூன்று சொற்களையும் படித்துக் காட்டினேன். ‘மடைமாற்றம்’ மட்டும் விளக்கம் கேட்காமல் புரிந்தது. கையேட்டில் அதையே வைக்கிறேன். மறுநிரலாக்கம் பாடநூலுக்குப் பொருந்தலாம்.

— மொழிபெயர்ப்பாளர்

மறுமொழி:

வளர்சிதை என்பது வினைத்தொகை; மடையோடு சேர்த்தால் வளர்கிற மடை, சிதைகிற மடை என்றே பொருள்படும். ‘வளர்சிதை மாற்ற மடைமாற்றம்’ என்று விரித்தால் மறுபடியும் இரண்டு மாற்றம். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். சொல்லடைவிலாவது ‘திரிபு’ இடம்பெறட்டும்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்